கேமில் நிலவைத் தொட்டவர்கள் நிஜ விண்கலத்தைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமிலோ, போனில் ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டரிலோ ஒரு ராக்கெட்டைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்களா? அப்படியென்றால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கண் உங்களுக்கு இருக்கிறது. 2023 ஜூலை கடைசியில் சந்திரயான்-3 இருந்த சுற்றுப்பாதை 1,27,603 x 236 கி.மீ. என்று இஸ்ரோ அறிவித்தது. செய்தி படிப்பவர் அந்த எண்களைத் தாண்டிப் போய்விடுவார். உங்களுக்கோ நீண்டு இழுபட்ட ஒரு நீள்வட்டமும், பூமிக்குப் பக்கத்தில் ஒரு பெரியாப்சிஸும் (மிக அருகில் வரும் புள்ளி), நிலவை நோக்கி நீளும் ஒரு அபோயாப்சிஸும் (மிகத் தொலைவான புள்ளி) உடனே கண்முன் வந்து நிற்கும். அடுத்த எரியூட்டல் எந்த இடத்தில் நடக்கும் என்றுகூட ஊகித்துவிடுவீர்கள்.

அந்தக் கண்ணை நிஜப் பயணங்களின்மீது திருப்புவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானோர் ஏவும் நாளையும் இறங்கும் நாளையும் மட்டும் பார்க்கிறார்கள். நடுவில் உள்ள நாட்களில்தான் விஷயமே இருக்கிறது. கேம் ஆடியவர்களால்தான் அந்த நடுப்பகுதியை முழுதாக அனுபவிக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

1. கேமின் அளவையும் பூமியின் அளவையும் மனதில் பிரித்துக்கொள்ளுங்கள்

கெர்பலில் வரும் கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ. பூமிக்கு 6,371 கி.மீ. அதனால் எல்லா எண்களும் மாறிவிடும். கெர்பினைச் சுற்ற விநாடிக்கு சுமார் 2.3 கி.மீ. வேகம் போதும், பூமியைத் தாழ்வாகச் சுற்ற 7.8 கி.மீ. வேண்டும். தரையிலிருந்து சுற்றுப்பாதைக்குப் போகும் டெல்டா-வி (ராக்கெட் சேர்க்க வேண்டிய மொத்த வேகம்) கேமில் விநாடிக்குச் சுமார் 3,400 மீட்டர், நிஜத்தில் 9,000-ஐத் தாண்டும். ஒரே நிலையில் (ஸ்டேஜ்) சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட்டை கேமில் எளிதாகக் கட்டிவிடலாம். பி.எஸ்.எல்.வி.க்கு நான்கு நிலைகள் தேவைப்படுவதற்கான காரணம் இந்த இடைவெளிதான்.

இந்த வேறுபாட்டை ஒரே ஒரு நிகழ்வு நச்சென்று காட்டும். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம். 356 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோள்களை அது 356 x 76 கி.மீ. பாதையில் விட்டது. கெர்பினில் காற்று 70 கி.மீ.யோடு முடிந்துவிடும். அங்கே 76 கி.மீ. பெரியாப்சிஸ் என்றால் கலம் காலாகாலத்துக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். பூமியில் 76 கி.மீ. என்பது காற்றுக்குள். செயற்கைக்கோள்கள் இனிப் பயன்படாது என்று அன்றே இஸ்ரோ அறிவித்துவிட்டது. கிராமப்புறப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து செய்த ஆசாதிசாட்டும் அதில்தான் போனது. கேமில் "அப்பாடா" என்று மூச்சுவிட வைக்கும் எண், நிஜத்தில் அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் கொண்டுபோய்விட்டது.

நிஜ அளவிலேயே ஆட விரும்பினால் இரண்டு வழிகள் உண்டு. கெர்பலில் 'ரியல் சோலார் சிஸ்டம்' என்ற மாடை (கேமை மாற்றும் கூடுதல் நிரல்) போட்டுக்கொள்ளலாம். அல்லது மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் வெளியிட்ட ஆர்பிட்டர் என்ற சிமுலேட்டர் இருக்கிறது. இலவசம், சூரியக் குடும்பம் முழுவதும் நிஜ அளவில் உள்ளே இருக்கும். தொடக்கத்திலேயே இவற்றுக்குத் தாவ வேண்டாம். சாதாரண கெர்பலில் நிலவுக்குப் போய் வரத் தெரிந்த பிறகு போனால் போதும்.

2. முதலில் முடிந்துபோன ஒரு பயணத்தை எடுங்கள்

நேரலையில் நடக்கும் பயணத்தில் நேராகக் குதிக்காதீர்கள். விடை தெரிந்த ஒன்றைக் கையில் எடுத்தால்தான் உங்கள் ஊகம் சரியா என்று சரிபார்க்க முடியும். என் பரிந்துரை சந்திரயான்-3. எண்கள் எல்லாம் பொதுவெளியில் கிடைக்கும், பாதையும் கேம் ஆடுபவர்களுக்குப் புரிகிற மாதிரியே இருக்கும்.

ஒரு நோட்டையோ ஸ்ப்ரெட்ஷீட்டையோ திறந்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூலை 14, பிற்பகல் 2.35: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.3 ராக்கெட் புறப்பாடு. சுமார் 16 நிமிடத்தில் கலம் பிரிந்தது. பாதை ஏறக்குறைய 170 x 36,500 கி.மீ.
ஜூலை 15: 173 x 41,762
ஜூலை 17: 226 x 41,603
ஜூலை 18: 228 x 51,400
ஜூலை 20: 233 x 71,351
ஜூலை 25: 236 x 1,27,603
ஆகஸ்ட் 1: 288 x 3,69,328, அதாவது நிலவை நோக்கி
ஆகஸ்ட் 5: நிலவைச் சுற்றி 164 x 18,074
ஆகஸ்ட் 6: 170 x 4,313
ஆகஸ்ட் 9: 174 x 1,437

இந்தப் பட்டியலை மெதுவாகப் பாருங்கள். ஜூலை 17-இல் மட்டும் அபோஜி (பூமியைச் சுற்றும் பாதையின் அபோயாப்சிஸ்) ஏறவில்லை, பெரிஜி (அதன் பெரியாப்சிஸ்) 173-இலிருந்து 226-க்கு ஏறியிருக்கிறது. பெரிஜியை உயர்த்த எந்த இடத்தில் எஞ்சினை ஓட்ட வேண்டும்? அபோஜியில். ஆக மற்ற நான்கு எரியூட்டல்களும் பூமிக்குப் பக்கத்தில் நடந்திருக்க, அந்த ஒன்று மட்டும் 41,000 கி.மீ.க்கு மேலே நடந்திருக்கிறது. இதை எந்தச் செய்தியும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எண்களைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு கணக்கு. பூமியைச் சுற்றும் எந்தக் கலத்துக்கும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். பெரிஜியையும் அபோஜியையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அதோடு பூமியின் ஆரத்தைக் கூட்டுங்கள். இங்கே நிலநடுக்கோட்டு ஆரமான 6,378-ஐ எடுத்துக்கொள்வது வழக்கம். வந்த எண்ணை 6,378-ஆல் வகுங்கள். வரும் விடையை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, மறுபடியும் 84.5-ஆல் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும்.

ஜூலை 25-ஆம் தேதிப் பாதைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 236-ஐயும் 1,27,603-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் சுமார் 63,920. பூமியின் ஆரத்தோடு 70,298. 6,378-ஆல் வகுத்தால் 11.02. அதன் வர்க்கமூலம் 3.32, பெருக்கினால் 36.6. அதை 84.5-ஆல் பெருக்கினால் சுமார் 3,092 நிமிடம், அதாவது ஐம்பத்தொன்றரை மணி நேரம்.

அந்த எரியூட்டல் ஜூலை 25 பிற்பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் திட்டமிடப்பட்டிருந்தது. அடுத்தது நிலவை நோக்கித் தள்ளும் எரியூட்டல். அதுவும் பெரிஜியில்தான் நடக்க வேண்டும். மூன்று சுற்றுகள் என்று வைத்துக்கொண்டால் நூற்றைம்பத்து நாலரை மணி நேரம், அதாவது ஆறு நாளும் பத்தரை மணியும். ஜூலை 25 பிற்பகலோடு கூட்டினால் ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டிய நேரம் வருகிறது. இஸ்ரோ அறிவித்திருந்த நேரமும் ஆகஸ்ட் 1 நள்ளிரவு 12 முதல் 1 மணிக்குள்தான். பெங்களூருவில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் ஏன் அகால வேளையில் விழித்திருந்தார்கள் என்பதற்கு மேலே போட்ட கணக்குக்கு அடிப்படையான கெப்ளரின் மூன்றாம் விதிதான் காரணம். அந்தக் காரணத்தை உங்கள் கையாலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எந்தப் பயணத்தையும் விடமாட்டீர்கள்.

3. அதே பயணத்தை கேமில் ஓட்டுங்கள்

நேராக நிலவுக்குப் போகாமல் எதற்கு இத்தனை சுற்று? பலரும் கேட்கும் கேள்வி இது. கேமில் செய்து பார்த்தால் பதில் கிடைக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு செய்ய வேண்டும்: வலுக் குறைந்த எஞ்சினைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சந்திரயான்-3 கலத்தின் எடை சுமார் 3,900 கிலோ. அதைத் தள்ளிய எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு வெறும் 11 செ.மீ. அளவுக்குத்தான் வேகம் ஏறும். ராக்கெட் விட்ட பாதையிலிருந்து நிலவை எட்டத் தேவையான கூடுதல் வேகம் என் கணக்கில் விநாடிக்கு ஏறக்குறைய 650 மீட்டர். ஒரே மூச்சில் எரித்தால் ஒன்றரை மணி நேரம் எஞ்சின் ஓட வேண்டும். அதற்குள் கலம் பெரிஜியைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். எரிபொருள் வீணாகும். பூமிக்கு மிக அருகில், வேகம் உச்சத்தில் இருக்கும்போது எரித்தால்தான் ஒவ்வொரு துளிக்கும் அதிகப் பலன். ஆகவே பெரிஜிக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து அபோஜியை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

கெர்பலில் ஒரு சிறிய எஞ்சினை மாட்டி, கெர்பினின் நிலவான 'முன்'னை நோக்கிப் போகும் ஒரே மேனுவர் நோடில் (எரியூட்டலைத் திட்டமிடும் குறி) பத்து நிமிடம் எரித்துப் பாருங்கள். நோட் காட்டிய பாதையும் கடைசியில் கிடைத்த பாதையும் ஒட்டாது. அதே எரியூட்டலை நான்காகப் பிரித்து ஒவ்வொரு பெரியாப்சிஸிலும் செய்து பாருங்கள், டேங்கில் மிச்சம் இருக்கும்.

அதே மாதத்தில் ரஷ்யாவின் லூனா-25 ஆகஸ்ட் 11 அன்று புறப்பட்டு ஆகஸ்ட் 16-க்கே நிலவின் சுற்றுப்பாதையை அடைந்தது. அவர்களிடம் இருந்த ராக்கெட் கலத்தை நேராக நிலவை நோக்கியே தள்ளிவிடும் அளவுக்கு வலுவானது. ஆகஸ்ட் 19 அன்று சுற்றுப்பாதையைத் தாழ்த்த 84 விநாடி ஓட வேண்டிய எஞ்சின் 127 விநாடி ஓடிவிட்டது. பெரியாப்சிஸ் நிலவுக்குள்ளே போய்விட்டது. கலம் மோதி நொறுங்கியது. இதையும் கேமில் செய்து பாருங்கள். 'முன்'னைச் சுற்றும் தாழ்ந்த பாதையில் இறங்கு எரியூட்டலை ஒன்றரை மடங்கு நேரம் ஓடவிட்டால் பெரியாப்சிஸ் எண் மைனஸுக்குப் போவதைக் கண்ணால் காணலாம்.

4. இப்போது நடக்கும் பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றே ஒன்று போதும். உலகத்தில் நடக்கும் எல்லா ஏவுதலையும் பின்தொடர நினைத்தால் இரண்டே வாரத்தில் சலித்துவிடும். ஏவிய பிறகும் பல நாள் வேலை இருக்கிற பயணமாகப் பாருங்கள்: நிலவுப் பயணம், இணைப்புச் சோதனை, வேறு கோளுக்குப் போகும் கலம். ஒரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோளும் நல்ல தேர்வுதான். அதுவும் நாள்கணக்கில் பாதையை உயர்த்திக்கொண்டேதான் தன் இடத்துக்குப் போகும்.

தேர்ந்தெடுத்ததும் அந்தப் பயணத்தின் கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். இஸ்ரோ தன் தளத்தில் ஒவ்வொரு ஏவுதலுக்கும் ஒரு கையேட்டைப் பி.டி.எஃப்.பாக வெளியிடும். நாசாவும் பெரிய பயணங்களுக்குப் பத்திரிகைக் கையேடு தரும். அதில் நீங்கள் முதலில் தேட வேண்டியது, எந்த விநாடியில் எந்த நிலை பிரியும், அப்போது உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்ற அட்டவணை. அதை அச்செடுத்து ஏவும் நாளில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிகளை நம்பி லீவு போட்டுவிடாதீர்கள். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா போன ஆக்சியம்-4 பயணம் 2025 மே மாத இறுதியில் புறப்பட வேண்டியது. ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு, பிறகு விண்வெளி நிலையத்தில் ஒரு கசிவு என்று தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஜூன் 25 அன்றுதான் கிளம்பியது. தேதி நெருங்குகிறதா என்று அறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஏவுதலுக்கு முன் விமானிகளுக்கு வான்வெளி எச்சரிக்கை கொடுப்பார்கள். நோட்டாம் என்று பெயர். வங்காள விரிகுடாவில் எந்தெந்தப் பகுதியை மூடுகிறார்கள் என்ற ஆயத்தொலைவுகள் அதில் இருக்கும். அவற்றை மேப்பில் குறித்துக் கோடு இழுத்தால் ராக்கெட் எந்தத் திசையில் போகப்போகிறது, கழன்று விழும் நிலைகள் எங்கே விழும் என்பதெல்லாம் அறிவிப்புக்கு முன்பே புலப்படும்.

திசையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேமில் துருவப் பாதைக்குப் போக வேண்டுமென்றால் ராக்கெட்டை நேரே தெற்கிலோ வடக்கிலோ சாய்த்துவிடுவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே போனால் வழியில் இலங்கை இருக்கிறது. அதனால் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்காகக் கடலுக்குள் போய், பிறகு தெற்கே திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகும், சுமக்கும் எடை குறையும். சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த இழப்பு பெரிய இழப்பு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதன் காரணம் இதுதான். அங்கிருந்து நேரே தெற்கே பார்த்தால் கடல் மட்டுமே. கேமில் ஒருமுறை நேராகவும், ஒருமுறை பாதி வழியில் திசை மாற்றியும் ஏவிப் பாருங்கள். டேங்கில் மிஞ்சுவதைப் பார்த்தால் அந்த ஊரின் அருமை விளங்கும்.

5. ஏவும் நாள்

நேரலையை இஸ்ரோவின் அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் மட்டும் பாருங்கள். ஏவுதல் நாட்களில் பழைய காட்சிகளையும் அனிமேஷனையும் ஓட்டி 'லைவ்' என்று போடும் போலிச் சேனல்கள் நிறைய முளைக்கும். வெளிநாட்டு ஏவுதல்களின் நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருந்தால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தீப்பிழம்பை முதல் ஒரு நிமிடம் பாருங்கள், அதற்குப் பிறகு கண் கட்டுப்பாட்டு அறைத் திரைக்குப் போகட்டும். அங்கே ஒரு வளைகோடு வரையப்பட்டிருக்கும். அதுதான் ராக்கெட் போக வேண்டிய பாதை. நிஜமாகப் போகும் பாதை அதன்மேல் ஊர்ந்து வரும். இரண்டும் ஒட்டியே போனால் எல்லாம் சரி. விலகல் தெரிந்தால், அறிவிப்பாளர் வாய் திறப்பதற்கு முன்பே உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 இறங்கியபோது அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

ராக்கெட் வகையையும் கவனியுங்கள். எல்.வி.எம்.3 புறப்படும்போது எரிவது பக்கவாட்டில் உள்ள இரண்டு திட எரிபொருள் மோட்டார்கள் மட்டுமே. நடுவில் உள்ள திரவ நிலை சுமார் 110 விநாடி கழித்துத்தான், வானத்தில், பற்றிக்கொள்ளும். கேமில் நாம் எல்லாவற்றையும் ஸ்பேஸ்பாரில் ஒன்றாகக் கொளுத்திவிடுகிறோம். இந்த வரிசையில் ஒருமுறை கட்டிப் பாருங்கள். பி.எஸ்.எல்.வி.யில் திடம், திரவம், திடம், திரவம் என்று மாறி மாறி வரும். திட நிலை ஒன்று பற்றிவிட்டால் அணைக்கவோ குறைக்கவோ வழியில்லை. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி.-சி61 தோற்றதும் திட எரிபொருள் கொண்ட மூன்றாம் நிலையில்தான். முதல் இரண்டு நிலைகளும் சரியாக வேலை செய்தன, மூன்றாவதில் எரியறையின் அழுத்தம் விழுந்துவிட்டது. அன்று அட்டவணையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்த இடத்தில் கோளாறு என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

நேரில் பார்க்க முடிந்தால் கட்டாயம் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை வேண்டும், பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடம் நிரம்பிவிடும். சூலூர்ப்பேட்டை வரை ரயிலில் போகலாம். இடம் கிடைக்காதவர்களுக்குப் பழவேற்காடு கடற்கரை இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் சென்னையில் மொட்டைமாடியிலிருந்தே தெரியும்.

6. ஏவிய மறுநாளிலிருந்து

கைதட்டல் முடிந்ததும் டிவி போய்விடும். உங்கள் வேலை அப்போதுதான் தொடங்கும்.

பூமியைச் சுற்றும் பொருள்களின் பாதை, டி.எல்.இ. எனப்படும் இரண்டு வரி எண்களாக செலஸ்ட்ராக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் பார்வைக்குப் புரியாத எண்கூட்டம் போலத் தெரியும். இரண்டாவது வரியை மட்டும் எடுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பட்டியல் எண் 25544. அதற்கு அடுத்து வரும் 51.6 அதன் சாய்வு. கேமில் இன்க்ளினேஷன் என்று பார்ப்பதேதான். வரியின் கடைசியில் 15.5 என்று தொடங்கும் எண், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பது. 1,440 நிமிடத்தை 15.5-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 93 நிமிடம். நடுவில் உள்ளவை எக்சென்ட்ரிசிட்டியும் (பாதை எவ்வளவு நீண்ட நீள்வட்டம் என்ற அளவு) பாதையின் திருப்பத்தைச் சொல்லும் கோணங்களும். கேமில் நீங்கள் மவுஸால் இழுத்த அதே ஆறு எண்கள்தான்.

அதை வானத்தில் பார்ப்பது அடுத்த வேலை. ஹெவன்ஸ்-அபோவ் தளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்தால் விண்வெளி நிலையம் எந்த மாலையில், எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் கடக்கும் என்று சொல்லும். 40 டிகிரிக்கு மேல் ஏறும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மின்னாமல், சத்தமில்லாமல், ஒரே சீராக நகரும் ஒளி அது. பாதி வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே மங்கி மறைந்தால் பயப்படாதீர்கள். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. கேமில் சோலார் பேனல் மின்சாரம் தராமல் நின்றுபோகும் அதே இடம்.

தொலைதூரக் கலங்களுக்கு நாசாவின் டி.எஸ்.என். நவ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் உள்ள ஆன்டெனாக்கள் இந்த நிமிடம் எந்தக் கலத்தோடு பேசுகின்றன என்று காட்டும். கோள்களுக்கிடையே போகும் கலங்களின் இருப்பிடத்தை நாசாவின் 'ஐஸ்' செயலியில் முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். கேமின் மேப் திரையில் பழகியவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

பாதை அறிவிப்புகள் திடீரென நின்றுபோனாலும் அதுவும் செய்திதான். 2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதலில் என்.வி.எஸ்.-02 என்ற வழிகாட்டுச் செயற்கைக்கோள் அருமையாகப் புறப்பட்டது. அதற்குப் பிறகு பாதை உயரவே இல்லை. எஞ்சினுக்கு ஆக்சிஜனேற்றியைத் திறந்துவிடும் வால்வுகள் திறக்கவில்லை என்று பின்னர் இஸ்ரோ சொன்னது. டி.எல்.இ. எண்களைத் தினமும் குறித்து வந்தால் அப்படி மாறாத பெரிஜியை நீங்களே கவனித்துவிடலாம்.

7. இணைப்பும் இறக்கமும்

கேமில் முதல் டாக்கிங் செய்தபோது எவ்வளவு நேரம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். பிறகு இஸ்ரோவின் இணைப்புச் சோதனையான ஸ்பேடெக்ஸைப் பாருங்கள். 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவிய, தலா சுமார் 220 கிலோ எடையுள்ள இரண்டு கலங்கள். ஜனவரி 7-இல் இணைய வேண்டியது 9-க்குப் போனது. 225 மீட்டருக்கு நெருங்கும் முயற்சியில் விலகல் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டதால் அதுவும் தள்ளிப்போனது. கலங்கள் தரைநிலையங்களின் பார்வையில் இல்லாத இடைவெளிக்குப் பிறகுதான் அந்த விலகல் தெரிந்தது. ஜனவரி 12-இல் 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை நெருங்கி, மறுபடி பின்வாங்கினார்கள். ஜனவரி 16-இல் இணைந்தன. அந்தப் பின்வாங்கலைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. ஆர்.சி.எஸ். (கலத்தை மெல்ல நகர்த்தும் சிறு உந்திகள்) பொத்தானைத் தட்டித் தட்டி டாக்கிங் செய்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். நெருங்கிப் பார்த்து, சரியில்லையென்றால் விலகி, மறுபடி வருவதுதான் சரியான முறை.

இறக்கத்துக்கு மறுபடியும் சந்திரயான்-3. அதன் தரையிறங்கு கலமான விக்ரம் 25 x 134 கி.மீ. பாதையிலிருந்து 2023 ஆகஸ்ட் 23 மாலை 5.44-க்கு இறங்கத் தொடங்கியது. அப்போது உயரம் சுமார் 30 கி.மீ., பக்கவாட்டு வேகம் விநாடிக்கு 1.68 கி.மீ. முதல் 690 விநாடியில் வேகம் 358 மீட்டராகவும் உயரம் சுமார் 7.4 கி.மீ. ஆகவும் குறைந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, மிதந்து, பள்ளம் பார்த்து, 6.04-க்குக் கால் பதித்தது. கேமில் 'முன்'மீது 10 கி.மீ. பெரியாப்சிஸ் வைத்து, குயிக்சேவ் போடாமல், இதே வரிசையில் இறங்கிப் பாருங்கள். சந்திரயான்-2-இல் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தின, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டர் சதுரம் என்று பின்னாளில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் விளக்கினார். அடுத்த முறை அந்த இடத்தை 4 x 2.5 கி.மீ. ஆக்கினார்கள். இந்தத் திருத்தத்தின் மதிப்பு, கேமில் கொடி நட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்க முயன்றவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

8. கேம் காட்டாத இடங்கள்

கெர்பலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். அதனால் லக்ராஞ்சியன் புள்ளிகள் (சூரியன், பூமி போன்ற இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கலத்தைத் தக்கவைக்கும் இடங்கள்) அங்கே இல்லை. 2023 செப்டம்பர் 2-இல் புறப்பட்டு 2024 ஜனவரி 6-இல் அவற்றில் ஒன்றான எல்1-ஐச் சுற்றும் பாதைக்குள் நுழைந்த, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1-ஐ, செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து நடத்திய அந்தப் பயணத்தை, சாதாரண கெர்பலில் ஓட்ட முடியாது. பிரின்சிபியா மாடைப் போட்டால் முடியும். செவ்வாய்ப் பயணத்தில் மாறாக, கேம் அப்படியே கைகொடுக்கும். கெர்பினிலிருந்து டூனாவுக்கு (கேமின் செவ்வாய்) புறப்படும்போது இரண்டு கோள்களுக்கும் இடையே இருக்க வேண்டிய கோணம் சுமார் 44 டிகிரி. பூமியிலிருந்து செவ்வாய்க்கும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் கோணம் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் அமையும். அதனால்தான் 2013 நவம்பரில் மங்கள்யானும் நாசாவின் மேவனும் சில நாள் இடைவெளியில் புறப்பட்டு, 2014 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் போய்ச் சேர்ந்தன.

9. பார்ப்பதோடு நிற்காமல்

சந்திரயான்-2-இன் விக்ரம் நிலவில் எங்கே விழுந்தது என்று தெரியாமல் இருந்தபோது, நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். சென்னையில் பொறியாளராக இருந்த சண்முக சுப்பிரமணியன் அதைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பிக்சல் பிக்சலாகத் தேடி, புதிதாக ஒரு புள்ளி இருப்பதைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்து, கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையே அறிவித்தது. அவர் பயன்படுத்தியது எல்லோருக்கும் திறந்திருந்த படங்களைத்தான்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். எல்.ஆர்.ஓ. படங்களுக்கு குயிக்மேப் என்ற தளம் இருக்கிறது. பிரவுசரிலேயே திறக்கும், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சந்திரயான் தரவுகளுக்கு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதல் பயிற்சியாக குயிக்மேப்பில் தெற்கு 69.37, கிழக்கு 32.32 என்று கொடுத்து சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்குப் போங்கள். விக்ரம் இறங்கி நான்கு நாள் கழித்து, 2023 ஆகஸ்ட் 27-இல், எல்.ஆர்.ஓ. எடுத்த படத்தை நாசா வெளியிட்டிருக்கிறது. எஞ்சின் புகை கிளப்பிய மண்ணால் கலத்தைச் சுற்றி ஒரு வெளிர் வட்டம் அதில் தெரியும். அதே இடத்தின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, வெயில் விழும் கோணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோணம் மாறினால் நிழல் மாறும், இல்லாத பொருளெல்லாம் இருப்பது போலத் தோன்றும். அது ஒத்துப்போன பிறகு பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு தேடத் தொடங்குங்கள்.